குந்தாரப்பள்ளி வாசல்ல ஒரு லார்ச் நிக்குமா?

இன்னைக்கு கோடு இல்ல, மரம்.

ரெண்டு வருஷம் முன்னாடி எலக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ்ல ஒரு பில்டு முடியறதுக்காகக் காத்திருந்தப்போ ஒரு போட்டோ கண்ணுல பட்டுச்சு. வெளிநாட்டுத் தோட்டம், நடுவுல ஒரே ஒரு மரம். கிளை எல்லாம் அருவி மாதிரி தரை வரைக்கும் தொங்குது, இலை மொத்தமும் தங்க நிறம். பேரு வீப்பிங் லார்ச். அப்பா அப்பதான் ஓசூர்ல வேலையில இருந்து ரிட்டயர் ஆகியிருந்தார். குந்தாரப்பள்ளியில வீட்டு முன்னாடி இருந்த ஆறு சென்ட் இடத்தை "நீயே ஏதாவது பண்ணுடா"ன்னு என்கிட்ட விட்டுட்டார். உள்ளே வர்றவங்க கண்ணு போய் நிக்கிற மாதிரி ஒரு மரம் வேணும்னு தோணுச்சு. ஆன்லைன்ல தேடி 1,400 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன்.

பார்சலைப் பிரிச்சதும் அப்பா கேட்டது: "சவுக்குக்கு எதுக்குடா இவ்ளோ காசு?"

அவர் சொன்னது சரி. சவுக்கைப் பாத்தா ஊசியிலை மரம் மாதிரிதான் இருக்கும், ஆனா அது பூக்கும் தாவரம். நாம ஊசின்னு நினைக்கிறது மெல்லிய கிளை. அதை இழுத்துப் பாருங்க, கணு கணுவா கழண்டு வரும். அந்தக் கணுவைச் சுத்தி பல் மாதிரி இருக்கிற செதில்தான் இலை.

அந்தக் கடுப்புலதான் நான் படிக்க ஆரம்பிச்சேன்.

ஊசியிலை மரம்னா வருஷம் முழுக்க பச்சையா இருக்கும்னு நமக்கு ஒரு நினைப்பு. ஊட்டியில பாக்குற பைன், சைப்ரஸ் எல்லாம் அப்படித்தான். ஆனா மொத்த இலையையும் உதிர்த்துட்டுத் தூங்கப் போற சில ஊசியிலை மரங்களும் உண்டு. லார்ச் அதுல ஒண்ணு. டான் ரெட்வுட் இன்னொண்ணு. 1941ல ஒரு ஜப்பானிய ஆய்வாளர் ஃபாசிலை வச்சு அதுக்குப் பேர் வச்சார், அடுத்த சில வருஷத்துல அதே மரம் சீனாவுல உயிரோட நிக்கிறது தெரிஞ்சுது. அதுக்கே தனியா ஒரு எபிசோட் போடலாம்.

லார்ச் இந்தியாவுலயும் இருக்கு. சிக்கிம்ல சுமார் 3,000 மீட்டருக்கு மேல வளர்ற இமாலய லார்ச்சோட சின்னக் கிளைகள் இயற்கையாவே தொங்கும். அதோட அறிவியல் பேரு லாரிக்ஸ் கிரிஃபித்தி. அந்தப் பேருக்குக் காரணமான வில்லியம் கிரிஃபித் 1832ல மெட்ராஸ்ல உதவி சர்ஜனா வந்து இறங்கினவர். டாக்டர் வேலையை விட செடி சேகரிக்கிறதுலதான் அவருக்கு மனசு. பூட்டான் மலை வரைக்கும் போனார்.

அப்போ ஒரு லார்ச் கன்னு வாங்கி இங்க வச்சா என்ன? வராது. குளிர்காலத்துல தூங்குற இந்த மொட்டுகளுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். இத்தனை மணி நேரம் குளிர்ல இருந்தாச்சு, இனி முழிச்சாலும் பனி கொல்லாதுங்கிற கணக்கு. அந்தக் கண்டிஷன் நிறைவேறலைன்னா மொட்டு ஒழுங்கா விரியாது. கிருஷ்ணகிரியில மார்கழிக்கு நாம ஸ்வெட்டர் போடுறோமே, அது லார்ச்சுக்குக் குளிர்லயே சேர்த்தி இல்ல. ஒருவேளை முழிச்சாலும் ஏப்ரல் வெயில் முடிச்சுடும்.

அடுத்து அந்தத் தொங்குற உருவம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். சாதாரண ஊசியிலை மரம் சாஞ்சா, தண்டோட கீழ்ப்பக்கத்துல அடர்த்தியான கட்டையை வளர்த்து தன்னைத் தானே மேல தள்ளி நிமிர்த்திக்கும். வீப்பிங் ரகங்கள்ல இந்த நிமிர்ற வேலை சரியா நடக்காது. அதாவது நாம ரசிக்கிறது ஒரு பக். நர்சரிக்காரங்க அதை ஃபீச்சரா வித்துட்டாங்க! அப்படியே விட்டா பல ரகங்கள் தரையில பாய் விரிச்ச மாதிரி படரும். போட்டோவுல ஏழடி உயரமா நின்னுச்சுன்னா, ஒண்ணு யாரோ கொம்பு நட்டு ஏழடி வரைக்கும் கட்டிக்கிட்டே வந்திருப்பாங்க, இல்லைன்னா உயரமான நேர்த் தண்டு மேல ஒட்டுக் கட்டியிருப்பாங்க. உயரத்தை முடிவு பண்றது மரம் இல்ல, கட்டுறவங்க.

ஒட்டுன்னா நம்ம மாவட்டத்துக்குப் புரிய வைக்கவே வேணாம். சந்தூர் பக்கம் போனா ரோடு ஓரமெல்லாம் ஒட்டு மாங்கன்னுதான். கொட்டை போட்டு முளைச்ச மாமரம் பெங்களூரா காய்க்கும்னு நம்ப முடியாது இல்லையா? அதே மாதிரிதான் இதுவும். பெயர் வச்ச வீப்பிங் ரகம் விதையில அப்படியே வராது. "வீப்பிங் லார்ச் விதை, 20 எண்ணம்"னு யாராவது வித்தா டேபை மூடிடுங்க. வெளிநாட்டுல இருந்து செடியா வரவழைக்கணும்னா 2003ம் வருஷத்துத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி பெர்மிட்டும், அனுப்புற நாட்டோட செடிநலச் சான்றிதழும் வேணும். ஒரு செடிக்கு அது ஆகுற வேலை இல்ல.

அப்புறம் ஒருநாள் லால்பாக்ல நடந்தப்போ டாக்ஸோடியம் மரங்களைப் பாத்தேன். இதுவும் ஊசியிலை, ஆனா சூடு தாங்கும். அமெரிக்காவுல ஃபுளோரிடா சதுப்புல நிக்கிற மரம். அதோட மெக்ஸிகோ சொந்தம் மோன்டெசூமா சைப்ரஸ், அதுக்குக் கிளை நுனிகள் தானாவே தொங்கும். கொம்பும் வேணாம், ஒட்டும் வேணாம். மெக்ஸிகோவோட தேசிய மரம் அது. வஹாகா பக்கம் தூலே ஊர்ல நிக்கிற ஒரு மரத்தோட அடிமரச் சுத்தளவு மட்டும் சுமார் 40 மீட்டர்.

ரெண்டுக்கும் விதை வாங்கினேன். ஃபுளோரிடா விதைக்கு முளைக்கவே குளிர் வேணும். ஈர மணல்ல கலந்து டப்பாவுல போட்டு, ரெண்டரை மாசம் அம்மாவோட ஃப்ரிட்ஜ்ல, இட்லி மாவுக்குப் பின்னாடி. திட்டு நிறைய வாங்கினேன். முளைச்சது நாலு, தங்கினது ஒண்ணு. மெக்ஸிகோ விதைக்கு இந்த ராஜ உபசாரம் எதுவும் தேவைப்படல.

இந்த ஜனவரியில அம்மா போன் பண்ணாங்க. "உன் செடி செத்துப்போச்சு, பிடுங்கிடவா? காஞ்ச செடி வாசல்ல இருக்கக் கூடாது." வேணாம்மா, நகத்தால தண்டை லேசா சுரண்டிப் பாருங்கன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "உள்ள பச்சையா இருக்குடா." மாசி முடியறதுக்குள்ள துளிர் விட்டுச்சு. இலை உதிர்க்கிற எந்த மரம் வச்சாலும் இந்தச் சுரண்டல் டெஸ்ட்டை வீட்டுல எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துடுங்க. தப்பான ஆள் கையில மாட்டினா தூங்குற மரத்துக்கு ரெண்டாவது சான்ஸ் கிடையாது.

ஆனா துளிர்த்த இலை கொஞ்ச நாள்ல வெளிறிப்போச்சு. எங்க போர் தண்ணி ஹீட்டர்லயே வெள்ளை வெள்ளையா உப்புப் படிய வைக்கும். காரத்தன்மை கூடின மண்ணுல ஃபுளோரிடா மரத்தால இரும்புச் சத்தைச் சரியா எடுக்க முடியாது. மோன்டெசூமாவுக்கு அதைத் தாங்குற சக்தி அதிகம். அதனால முடிவு: மெக்ஸிகோ மரம் மண்ணுல, ஃபுளோரிடா மரம் தொட்டியில, அதுக்கு மழைத்தண்ணி. இங்க ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கு. மிதமான குளிர்ல மோன்டெசூமா முழுசா மொட்டையாகாது, புதுத் துளிர் வர்ற சமயத்துலதான் பழசு கொட்டும். அந்தத் தங்க நிற போட்டோ எனக்குக் கிடைக்காது. அம்மாவுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

எங்க வைக்கிறதுன்னு எனக்கும் அப்பாவுக்கும் ஒரு வாரம் சண்டை. நான் நட்ட நடுவுலன்னேன். அவர் திண்ணையில உக்காந்து, "இங்க இருந்து பாரு"ன்னார். அங்கிருந்து கண்ணு நேராப் போறது வலது மூலைக்கு. அதுக்குப் பின்னாடி பக்கத்து மாந்தோப்போட அடர் பச்சை. இறகு மாதிரி இளம்பச்சை இலை அந்தப் பின்னணியிலதான் எடுத்துக் காட்டும், வெள்ளைச் சுவர் முன்னாடி வச்சா காணாமப் போயிடும். மூலைங்கிறதால வீட்டுல இருந்து இருபத்தஞ்சு அடி தள்ளியும் ஆச்சு. இது பெரிய மரமா வளரும், வேர் தண்ணியைத் தேடும். சம்ப் பக்கத்துல மட்டும் வைக்கவே கூடாது. சுத்தி ஆறடிக்கு வேற எதுவும் நடல. பக்கத்துல ரெண்டு குரோட்டன்ஸ் வச்சா கண்ணு அங்க ஓடிடும்.

இப்போ என் இடுப்பு உயரம். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போற ஆடுங்க எங்க வாசல் வழியாத்தான் போகும், அதுல ஒண்ணு ஏற்கெனவே நுனியை ருசி பாத்துடுச்சு. அப்பா கூட்ரோடு போய் கம்பி வலை வாங்கிட்டு வந்து சுத்திக் கட்டியிருக்கார். அதனால இப்போதைக்கு உள்ளே வர்றவங்க கண்ணு முதல்ல போய் நிக்கிறது அந்த வலை மேலதான்.