திருப்பூர், கோவை 'தாக்குதல்' வீடியோக்கள்: 2023 மார்ச்சில் நடந்தது என்ன? வதந்தியை ஏன் நம்பினார்கள்?

2023 மார்ச் 2. கொங்கு மண்டலத்தில் அன்றைக்கு எல்லார் கண்ணும் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் வாக்கு எண்ணிக்கை மேல்தான் இருந்தது. டீக்கடை டிவிகளில் எந்தச் சுற்றில் யார் லீடிங் என்று ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, திருப்பூர் பனியன் கம்பெனிகளின் தங்கும் அறைகளில், பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களின் போனில் ஓடியது வேறு. 'தமிழ்நாட்டில் ஹிந்தி பேசினால் வெட்டிக் கொல்கிறார்கள்' என்று சொல்லும் வீடியோக்கள் அவை.

அடுத்த சில நாட்களில் திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் வடக்கே போகும் ரயில்களுக்குக் கூட்டம் அலைமோதியது. மார்ச் 8 ஹோலி. வருஷா வருஷம் இந்த நேரத்தில் ஊருக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் அந்த வருஷம் பண்டிகைக்காகக் கிளம்பியவர் யார், பயந்து கிளம்பியவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. அந்தக் கூட்டத்தையே படம் எடுத்து, "பாருங்க, உயிருக்குப் பயந்து ஓடுறாங்க" என்று பரப்பினார்கள். பண்டிகைக் கூட்டமே வதந்திக்குச் சாட்சியாகிவிட்டது.

வீடியோக்களில் இருந்தது என்ன?

பரவிய வீடியோக்களில் இரண்டைக் குறிப்பிட்டு, அவை பொய்யாகப் பரப்பப்படுகின்றன என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். ஒன்று திருப்பூர், இன்னொன்று கோவை. இரண்டுமே முன்பு எப்போதோ நடந்தவை. ஒன்றில் அடித்துக்கொண்டது பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே இரண்டு கோஷ்டி. மற்றொன்றில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். வட மாநிலத்தவரைத் தமிழர்கள் தாக்கிய சம்பவம் இரண்டிலுமே இல்லை.

இன்னும் சில வீடியோக்கள் தமிழ்நாட்டிலேயே எடுக்கப்பட்டவை அல்ல. ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சியும் தமிழ்நாட்டுக் கணக்கில் எழுதப்பட்டதை உண்மை சரிபார்ப்பு இணையதளங்கள் கண்டுபிடித்தன. உச்சகட்டமாக ஒரு வீடியோ. தலையில் கட்டுப்போட்ட இருவர், தமிழ்நாட்டில் அடிபட்டதாகச் சொல்கிறார்கள். அது பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடிக்க வைத்து எடுக்கப்பட்டது என்று சொன்னது தமிழ்நாடு போலீஸ் இல்லை, பீகார் போலீஸ்.

ஆனால் அதற்குள் விஷயம் பீகார் சட்டமன்றம் வரை போய்விட்டது. 12 பேர் கொல்லப்பட்டதாக ஹிந்தி நாளிதழிலேயே செய்தி வந்தது. சட்டமன்றத்தில் அமளி, வெளிநடப்பு. முதல்வர் மு.க. ஸ்டாலின், பீகார் முதல்வர் நிதிஷ் குமாரைப் போனில் அழைத்து, தொழிலாளர்களுக்கு எந்த ஆபத்தும் வராது என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஜனவரியில் வந்த எதிர்க்கதை

பலரும் மறந்துவிட்ட ஒன்று இருக்கிறது. இந்தப் பீதிக்கு ஐந்தாறு வாரம் முன்னால், ஜனவரி கடைசியில், அதே திருப்பூரில் இருந்து இன்னொரு வீடியோ பரவியது. கதை மட்டும் தலைகீழ்: 'வட மாநிலத்தவர் தமிழர்களைத் துரத்தித் துரத்தி அடிக்கிறார்கள்'. தமிழ் வாட்ஸ்அப் குரூப்களில் அதைப் பார்த்தவர்கள் கொதித்தார்கள். "இப்படியே விட்டா நம்ம ஊரு நம்ம கையில இருக்காதுங்க" என்ற பேச்சு சலூன் வரைக்கும் வந்தது. போலீஸ் விசாரித்தபோது, வேலம்பாளையம் பகுதியில் டீக்கடை பக்கம் சிகரெட் புகை விட்டதில் ஆரம்பித்த வாய்த்தகராறு அது என்று தெரிந்தது. பொங்கல் சமயத்தில் நடந்த சண்டை, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து 'படையெடுப்பு' ஆகிவிட்டது.

ஒரே ஊர், இரண்டு மாதம், இரண்டு எதிரெதிர் கதைகள். தமிழில் வந்த கதையில் அடி வாங்கியவர் தமிழர். ஹிந்தியில் வந்ததில் அடி வாங்கியவர் பீகாரி. எந்தக் கதையில் 'நம்ம ஆள்' பாதிக்கப்பட்டாரோ, அதைத்தான் இரண்டு பக்கமும் நம்பின. படிப்பறிவு இல்லாததால் நம்பினார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஜனவரி வீடியோவை ஃபார்வர்டு செய்த தமிழர்களில் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை.

தொழிலாளர்கள் ஏன் நம்பினார்கள்?

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டும். கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங், சாயப்பட்டறை என்று எல்லா இடத்திலும் வட மாநிலத்தவர் இருக்கிறார்கள். கோவையில் ஃபவுண்டரி, பம்ப்செட் கம்பெனி, நூற்பாலை, ஹோட்டல், கட்டட வேலை. ஆனால் பக்கத்து லைன் வீட்டில் இருப்பவருக்கும் இவர்களுக்கும் நடுவில் "அண்ணா, கித்னா?" என்பதைத் தாண்டிப் பேச்சு வார்த்தை குறைவு. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை காய்கறி, மீதி நேரம் போன். உள்ளூர்ச் செய்தி தமிழில் இருக்கிறது, அது புரியாது. ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் ஊரில் இருந்து வரும் ஹிந்தி வீடியோ புரிகிறது. அதனால் தான் வாழும் தெருவில் என்ன நடக்கிறது என்பதைச் சொந்த ஊர்க்காரர் போனில் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்னொன்று, 2020 ஊரடங்கு. அப்போதும் அதிகாரிகள் "இருக்கிற இடத்திலேயே இருங்க, ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொன்னார்கள். கையில் காசில்லாமல், ரயில் கேட்டு அந்த மே மாதம் கோவையிலும் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதைப் பார்த்தவருக்கு, மூன்று வருஷம் கழித்து அதே வாக்கியம் காதில் விழுந்தால் என்ன தோன்றும்?

பயம் எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு அதே வாரத்தில் ஒரு உதாரணம். திருப்பூர் ரயில் பாதையில் பீகார் தொழிலாளி ஒருவர் இறந்து கிடந்தார். கொலைதான் என்று சக தொழிலாளர்கள் ரயில் நிலையத்தில் திரண்டுவிட்டார்கள். ரயிலில் அடிபட்டதைக் காட்டும் சிசிடிவி பதிவு இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் அந்த இரவு எப்படி முடிந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பீதி எப்படி அடங்கியது?

மறுப்பு அறிக்கை மட்டும் போதவில்லை. ஹிந்தியில் அறிவிப்புகள் வந்தன, 24 மணி நேர உதவி எண்கள் வந்தன, கம்பெனி கம்பெனியாகப் போய் அதிகாரிகள் பேசினார்கள். பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் நேரில் வந்தது. குழுவின் தலைவர் அந்த மாநில ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர் டி. பாலமுருகன். தமிழ்நாட்டு அதிகாரி சொல்வதை விட, "உங்க ஊர் சர்க்கார்ல இருந்து வந்திருக்கோம்" என்று ஒருவர் ஹிந்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டு போனது எடுபட்டது. போலி வீடியோக்களால் வந்த பயம்தான் இது என்று அந்தக் குழுவும் சொன்னது.

வழக்குகளும் பாய்ந்தன. 12 பேர் கொல்லப்பட்டதாக ட்வீட் போட்ட உத்தரப் பிரதேச பாஜக செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவை, மன்னிப்புக் கேட்கும்படி ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் ஒரு வழக்கறிஞர் என்பது கூடுதல் தகவல். பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் மார்ச் 18-ல் சரணடைந்தார். அவர் மீது தமிழ்நாடு போலீஸ் போட்ட தேசிய பாதுகாப்புச் சட்டத்தை அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு ரத்து செய்தது. கடும் சட்டம் போட்டது அவருக்குக் கூடுதல் விளம்பரமாகத்தான் போய் முடிந்தது.

இப்படி ஒரு வீடியோ வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். பின்னணியில் என்ன மொழி பேசுகிறார்கள்? அடுத்து கடை போர்டு, வண்டி நம்பர் பிளேட். ஜோத்பூர் வீடியோ மாதிரியானவை இந்த இரண்டிலேயே மாட்டிக்கொள்ளும். திருப்பூர், கோவை வீடியோக்கள்தான் சிக்கல், ஊர் சரியாக இருக்கும், கதை மட்டும் பொய். அங்கே கேட்க வேண்டியது தேதி, எந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லை என்ற இரண்டும். உண்மைச் செய்தியில் இவை பொதுவாக இருக்கும், வதந்தியில் பெரும்பாலும் 'நேற்று', 'தமிழ்நாட்டில்' என்று மட்டும் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருவது பலமுறை கைமாறியது என்று அர்த்தம். 2020 ஏப்ரலில் இருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். யூடியூபுக்கு அந்தத் தடை இல்லை. 2023 மார்ச்சில் பீதியைப் பெரிதாக்கியதில் யூடியூபுக்கும் பங்கு உண்டு.

ஹோலி முடிந்ததும் போனவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். தன்பாத்தில் இருந்து ஆலப்புழா போகும் எக்ஸ்பிரஸ் முன்பதிவில்லாப் பெட்டிகளில் இருந்து இப்போதும் மூட்டையும் போனுமாக இளைஞர்கள் திருப்பூரில் இறங்குகிறார்கள். உள்ளூர் ஆளுக்குக் கூலி குறையுமா, வாடகை ஏறுமா, இவர்களுக்கு பி.எஃப், இ.எஸ்.ஐ கிடைக்கிறதா என்ற கேள்விகள் எல்லாம் பொய் இல்லை, அப்படியேதான் இருக்கின்றன. அந்த இரண்டு மாதமும் கொங்கு நாட்டில் அவற்றைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.