ஜன்னலோர வேட்டை

ஜன்னல் திட்டில் உட்கார்ந்து வெளியே பார்க்கும் பூனை சும்மா இருப்பதாகத்தான் தோன்றும். எதிர்மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கட்டும், அதன் உடம்பு முழுக்க வேலை தொடங்கிவிடும். காதுகள் இரண்டும் முன்னால் திரும்பும். கண்மணி விரிந்து கறுக்கும். மீசை மயிர்கள் முன்னோக்கிக் குவியும். வயிறு தரையோடு ஒட்டும், வால் நுனி மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். அணில் நின்றால் பூனையும் அசையாது. அணில் கிளை மாறினால் தலை மெல்லத் திரும்பும். இது வேட்டையின் முற்பாதி. இரையைக் கண்டுகொள்வதும், கண்ணெடுக்காமல் பார்ப்பதும், பதுங்குவதும் இதில் அடங்கும். துரத்திப் பாய்ந்து கவ்வும் பிற்பாதிக்குக் கண்ணாடி இடம் கொடுக்காது. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு ஜன்னல் எவ்வளவு தருகிறது, எங்கே போதாமல் போகிறது என்பதெல்லாம் இந்த இரண்டு பாதிகளைப் பொறுத்தவை.

பூனையை வெளியே விடாமல் வளர்ப்பது மிகவும் புதிய பழக்கம். சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் புதைகுழி அருகே கிடைத்த பூனையின் எலும்புக்கூடு சுமார் 9,500 ஆண்டுப் பழமையானது. அவ்வளவு நீண்ட உறவில் பெரும்பகுதிக் காலம் பூனை தானியக்குதிரைச் சுற்றி எலி பிடித்தது, இஷ்டம்போல் வந்தது, போனது. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் தம் பூனைக்காக மணல் கேட்டு வந்தார். தொழிற்சாலைத் தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்ச விற்கும் களிமண் துகளை லோ கொடுத்தனுப்பினார். நம் கடைகளில் முகப்பூச்சுக்கு வாங்கும் முல்தானி மிட்டியின் இனத்தைச் சேர்ந்த மண் அது. ஈரத்தையும் நாற்றத்தையும் அது உறிஞ்சிக்கொண்டதால், பூனையை நாள் முழுக்க வீட்டுக்குள் வைத்திருப்பது சாத்தியமாயிற்று.

பின்னர் பறவைகளின் நலனும் ஒரு காரணமாகச் சேர்ந்தது. அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு வளர்ப்பவர் இல்லாத பூனைகளுடையது என்றாலும், வீட்டுப் பூனைக்கும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வளர்ப்பவர்கள் தங்கள் வளாகத்தை விட்டு வெளியே விடக்கூடாது என்பது சட்டம். சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடியின் ஐந்தாவது தளத்தில் வளரும் பூனைக்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை; கதவுக்கு வெளியே போக இடமே இல்லை. வெளியுலகம் என்று அதற்கு மிஞ்சியிருப்பது ஜன்னல்தான்.

அந்த ஜன்னல் வழியே அது காணும் காட்சி நாம் காண்பதல்ல. பூனையின் கண் அசைவைப் பிடிப்பதற்காக அமைந்தது, நுணுக்கத்துக்காக அல்ல. நல்ல பார்வையுள்ள மனிதருக்கு 100 அடியில் தெளிவாகத் தெரியும் பொருள் பூனைக்கு அதே தெளிவோடு தெரிய 20 அடிக்குள் வர வேண்டும். நீலமும் மஞ்சளும் அதற்குத் தெரியும், சிவப்பு மங்கிப்போகும். ஆனால் பக்கவாட்டில் ஏறத்தாழ 200 பாகை வரை அதன் பார்வை விரியும். நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் போதும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் புறாவைத் தவறவிடும் அதே பூனை, இலைக்குள் தையல்சிட்டின் வால் ஒருமுறை ஆடினால் உடனே எழுந்து உட்காரும். அதிகாலையும் அந்தி நேரமும் ஜன்னலில் அதிகம் தங்குவதும் இயல்பே. எலிகளும் பறவைகளும் சுறுசுறுப்பாக இருக்கும் வேளைகள் அவை, பூனையின் கண் சிறப்பாக வேலை செய்யும் வேளைகளும் அவையே.

மூக்குக்கு மிக அருகில் இருப்பது பூனைக்குச் சரியாகத் தெரியாது. சுமார் 25 சென்டிமீட்டருக்குள் வரும் பொருளின்மேல் அதன் கண் குவியாது. அந்த இடத்தில் மீசையும் பாதமும் கண்ணின் வேலையைச் செய்கின்றன. மழைக்கால இரவில் இதை நேரில் பார்க்கலாம். அறையின் டியூப்லைட் வெளிச்சத்துக்கு ஈசல்கள் கண்ணாடியின் வெளிப்பக்கம் வந்து மோதும். அவற்றைத் தேடிப் பல்லி வரும். உள்ளேயிருந்து தெரிவது பல்லியின் வெளுத்த வயிறும் கண்ணாடியில் பதிந்த விரல்களும். பூனை முதலில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும். பல்லி நகர்ந்ததும் கிட்டே போய், மீசையைக் கண்ணாடியில் வைத்து, பிறகு பாதத்தால் தட்டும். மீசைக்கு வழவழப்பு மட்டும் எட்டும், வாசனை எட்டாது. மறுபடியும் பின்வாங்கிப் பார்க்கத் தொடங்கும். அரை மணி நேரம்கூட இது நடக்கும்.

மூடிய கண்ணாடி ஒலியையும் மணத்தையும் பெருமளவு தடுத்துவிடுகிறது. மனிதச் செவி 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனையின் செவி ஏறத்தாழ 85 வரை எட்டும், எலிக்குஞ்சுகள் எழுப்பும், நமக்குக் கேட்காத கீச்சொலி உட்பட. உறுதியான கம்பிவலை பொருத்தி ஜன்னலைத் திறந்து வைத்தால் காட்சியோடு ஒலியும் காற்றும் மண்வாசனையும் உள்ளே வரும். பூனைக்கு இது பெரிய வேறுபாடு.

பறவையைப் பார்க்கும்போது சில பூனைகள் தாடையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, விட்டுவிட்டு ஒரு மெல்லிய ஒலி எழுப்பும். வளர்ப்பவர்களை இதுபோல வியக்கவைப்பது வேறில்லை. எட்டாத இரையைப் பார்த்த தவிப்பு என்பர் சிலர். இரையின் பிடரியில் பல் பதிக்கும் அசைவு தானே வெளிப்படுகிறது என்பர் வேறு சிலர். இரையின் குரலைப் போலச் செய்வதாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. 2005-இல் பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு அருகிலுள்ள காட்டில், மார்கே என்னும் காட்டுப்பூனை, டாமரின் என்ற சிறு குரங்கின் குட்டி கத்துவதைப் போலவே குரல் எழுப்பியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். குரங்குகள் என்னவென்று பார்க்க இறங்கியும் வந்தன; கடைசியில் ஒன்று எச்சரிக்கவே தப்பி ஓடின. ஜன்னலோரப் பூனையும் அதையேதான் செய்கிறது என்பதற்கு இது சான்றாகாது. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய கருத்தல்ல.

வயிறு நிறைந்த பூனைக்கு வேட்டை எதற்கு என்று கேட்பதுண்டு. பசியும் வேட்டையுணர்வும் தனித்தனியே இயங்குகின்றன. ராபர்ட் அடமெக் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் முன் எலி விடப்பட்டது. பூனைகள் உணவை விட்டு எழுந்து எலியைக் கொன்றன. அதைத் தட்டருகே கொண்டுவந்து போட்டுவிட்டு மறுபடியும் பழைய உணவையே தின்றன. தினமும் வேளாவேளைக்குச் சோறு கிடைத்தாலும் பதுங்கிப் பார்க்கும் ஆசை தீர்வதில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

திரையில் பறவைப் படம் ஓடவிட்டால் போதாதா? பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு காப்பகத்துப் பூனைகளுக்குத் தொலைக்காட்சி வைத்துச் சாரா எல்லிஸும் டெபோரா வெல்ஸும் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். பூனைகள் கண்காணிக்கப்பட்ட நேரத்தில் சுமார் 6 சதவீதம்தான் திரையைப் பார்த்தன. அசையும் உயிர்களும் பொருள்களும் கூடுதலாகக் கவர்ந்தாலும் நேரம் போகப்போக ஆர்வம் குறைந்தது. ஜன்னலில் அடுத்து என்ன வரும் என்பது எவருக்கும் தெரியாது. காக்கை வரலாம், வராமலும் போகலாம். அந்த நிச்சயமின்மைதான் பூனையைத் திரும்பத் திரும்ப அங்கே கொண்டுவந்து உட்காரவைக்கிறது.

ஆனால் பிற்பாதி வேட்டை மிச்சமிருக்கிறது. அதை வீட்டிலுள்ளவர்கள்தான் தர வேண்டும், தராமல் விடுவது பூனைக்கு அநியாயம். நூலில் கட்டிய இறகைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டுவதால் பயன் குறைவு. எந்த இரையும் வேட்டையாடியை நோக்கி வருவதில்லை. இறகு பூனையை விட்டு விலகி ஓட வேண்டும், நாற்காலிக் காலுக்குப் பின்னால் ஒளிய வேண்டும், சற்று நின்று மறுபடி ஓட வேண்டும். கடைசியில் பிடிபட வேண்டும். பிடித்ததும் ஒரு கவளம் உணவு. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியே போய்வரும் பூனைகளோடு நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் இப்படி விளையாடச் செய்தபோது, அவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. 2021-இல் வெளியான முடிவு இது. விளையாட்டு வேட்டையின் இடத்தை ஓரளவு நிரப்புகிறது என்பது இதன் பொருள்.

உட்காரும் இடம் உயரமாகவும், உடம்பு முழுக்கக் கொள்ளும் அகலத்திலும், ஆடாமலும் இருந்தால் போதும். சித்திரை வெயில் நேராக அடிக்கும் மேற்கு ஜன்னலென்றால் நிழலுக்கு ஒதுங்க இடம் வேண்டும். லில்லிச் செடியை அந்தத் திட்டில் வைக்கவே கூடாது. அதன் இலையும் மகரந்தமும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். விழும் ஆபத்து இன்னும் பெரியது. 1984-இல் ஐந்தே மாதத்தில் நியூயார்க்கில் உயரத்திலிருந்து விழுந்து ஒரே மருத்துவமனைக்கு வந்த பூனைகள் 132. பெரும்பாலானவை பிழைத்தன என்றாலும் மார்பும் தாடையும் காலும் அடிபட்டே வந்தன. பறவையின்மேல் கண் பதிந்த பூனைக்குக் காலடி தெரிவதில்லை. நம் வீடுகளில் பசைப்பட்டையால் ஒட்டும் நைலான் கொசுவலை ஒரு பாய்ச்சலுக்குத் தாங்காது. சட்டத்தில் அடித்த உலோக வலையே வேண்டும்.

ஜன்னலே தொல்லையாவதும் உண்டு. வெளியே அணிலுக்குப் பதிலாக வேற்றுப் பூனை வந்து நின்றால் உள்ளே இருப்பது விளையாட்டு மனநிலையில் இருக்காது. மயிர் சிலிர்க்கும், உறுமும். வெளியே இருப்பதைத் தாக்க முடியாத ஆத்திரத்தில் கூடவே வளரும் பூனையையோ தூக்க வந்தவர் கையையோ கடித்துவிடும். ஜன்னலடியில் சிறுநீர் பீய்ச்சி எல்லை குறிப்பதும் நடக்கும். அப்போது அதைத் தொடாமல் இருட்டறையில் தனியே விட்டு, முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். வேற்றுப் பூனை தினமும் வருமானால் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மங்கல் தாள் ஒட்டிவிடலாம். மரமும் வானமும் மேல்பாதியில் தெரிந்துகொண்டிருக்கும்.

பூனைக்குக் காட்சி கிடைக்கட்டும் என்று ஜன்னலருகே தானியமும் தண்ணீரும் வைப்பவர்கள் பறவையின் உயிரையும் எண்ண வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 36 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் கட்டடக் கண்ணாடியில் மோதிச் சாவதாக 2014-இல் மதிப்பிடப்பட்டது. தானியத் தட்டு கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால், பறவை திடுக்கிட்டுப் பறந்தாலும் வேகம் பிடித்திருக்காது. இல்லையேல் பத்து மீட்டருக்கு அப்பால் வைக்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் ஆபத்தானது. கண்ணாடி முழுக்க ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் சிறு புள்ளிகளோ கோடுகளோ இட்டால் பறவை அதைத் தடுப்பென்று அறிந்து விலகும். அவற்றை வெளிப்பக்கத்தில் இட வேண்டும். உட்பக்கம் ஒட்டினால் கண்ணாடியில் தெரியும் வானத்தின் பிம்பத்தில் மறைந்துபோகும்.