ஜிம் பயிற்றுநர் கற்கைநெறி: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

உடற்பயிற்சிப் பயிற்றுநருக்கான கற்கைநெறி என்ற பெயரில் கொழும்பில் விற்கப்படுவது ஒரே சரக்கல்ல. வார இறுதியில் முடிந்துவிடும் பட்டறை, ஆறு மாத டிப்ளோமா, கைப்பேசியிலேயே பரீட்சை எழுதி வாங்கும் வெளிநாட்டுச் சான்றிதழ், நான்கு வருடப் பட்டப்படிப்பு என எல்லாம் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. உயர்தரப் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்க மனமில்லாத தெமட்டகொடை, மாளிகாவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச்சொல்ல ஆளில்லை. நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் இருப்பவர் சொல்லப்போவதும் இல்லை.

பயிற்றுநரின் வேலைக்கு அடிப்படை, தசையும் மூட்டும் நரம்பும் சேர்ந்து உடலை எப்படி அசைக்கின்றன என்பதை ஆராயும் உடலியக்கவியல். அது பல்கலைக்கழகப் பாடம். பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகமும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகமும் விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டப்படிப்பு நடத்துகின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக உயர்தரப் பெறுபேற்றின் பேரில் தெரிவானோர் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. விளையாட்டுப் பயிற்றுநர்களுக்கென விளையாட்டு அமைச்சின் கீழ் கொழும்பு 7 இல் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனம் இயங்குகிறது. இந்த வழிகள் கிட்டாதவர்களும் இவற்றைக் கேள்விப்படாதவர்களுமே தனியார் நிறுவனங்களுக்குப் போகிறார்கள். தனியார் என்பதாலேயே ஒரு நிறுவனம் மட்டமாகிவிடாது. அதன் தாளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதே விஷயம்.

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். "அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்டது" என்று விளம்பரத்தில் இருந்தால் மூன்றில் எந்தப் பதிவு என்று கேட்க வேண்டும். முதலாவது, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பெறும் கம்பனிப் பதிவு. தும்புக்கட்டை விற்கும் கம்பனிக்கும் இது உண்டு, படிப்பின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டாவது, 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் செய்துகொள்ளும் பதிவு. தொழிற்பயிற்சி நடத்துவோருக்கு இது கட்டாயம், அதற்குக் காலவரையறையும் உண்டு. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பத்திரம் எப்போதோ காலாவதியாகியிருக்கலாம். மூன்றாவது, குறித்த ஒரு கற்கைநெறிக்கு அதே ஆணைக்குழு கொடுக்கும் தர அங்கீகாரம். ஒரு நிறுவனம் கணினிக் கற்கைநெறிக்கு அங்கீகாரம் பெற்றிருந்தால் அதன் ஜிம் கற்கைநெறியும் அங்கீகாரம் பெற்றதாகிவிடாது.

தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் கொண்டது. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஆகவே மூன்று மாத வகுப்பின் முடிவில் கொடுக்கும் தாளில் "டிப்ளோமா" என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தாலும், மட்டம் குறிப்பிடப்படாவிட்டால் அது அந்த நிறுவனம் தானே சூட்டிக்கொண்ட பெயர்தான். தொழிற்கல்வி ஆணைக்குழுவின் அலுவலகம் நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில், நிபுணதா பியச கட்டடத்தில் இருக்கிறது. தெமட்டகொடையில் இருப்பவர் பேஸ்லைன் வீதியால் பொரளையைக் கடந்து போனால் அரை நாளில் நேரிலேயே விசாரித்துவிட்டு வரலாம். இலட்சக்கணக்கில் கட்டணம் கட்டுமுன் அந்த அரை நாள் வீண் அல்ல.

வெளிநாட்டுப் பெயர்கள் இன்னும் மயக்குபவை. பிரித்தானியத் தகைமை என்று சொன்னால் தகைமைகளை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவால் அமைப்பின் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்கச் சான்றிதழ் என்றால் சான்றிதழ்த் திட்டங்களை அங்கீகரிக்கும் என்.சி.சி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதை வழங்கும் பல்கலைக்கழகத்தை இலங்கை ஏற்கிறதா என்று மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். கனடாவுக்குப் போகும் எண்ணத்தோடு படிப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. ஒன்ராறியோ மாகாணத்தில் 2013 ஏப்ரல் 1 முதல் உடலியக்கவியலாளர் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர். மாகாணத்தின் உடலியக்கவியலாளர் கல்லூரி எனப்படும் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவர் மட்டுமே அப்பெயரைப் பாவிக்கலாம். அப்பதிவுக்குப் பட்டப்படிப்பு வேண்டும். அங்குள்ள கல்லூரிகளின் இரண்டு வருட உடற்தகுதி டிப்ளோமாவைக் கொண்டே அப்பெயரைப் போட முடியாதென்றால், கொழும்பின் ஆறு மாதத் தாளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கற்கைநெறியின் தரத்தை அளக்க அதன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குவதே போதும். எடை தூக்கக் கற்பிப்பது அதில் சிறு பகுதி. பயிற்சிக்கு வருபவரின் நெஞ்சுவலி, மயக்கம், இரத்த அழுத்தம், நீரிழிவு, எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை முன்கூட்டிக் கேட்டறியும் படிவம் கற்பிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் கடும் பயிற்சி செய்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். பழக்கமில்லாத உடலை முதல் நாளே பிழிந்தெடுத்தால் தசை நார்கள் சிதைந்து, சிறுநீர் தேநீர் நிறமாகி, சிறுநீரகம் பழுதடையலாம். இதயம் நின்று ஒருவர் விழுந்தால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்தவும், கட்டணமில்லாத 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவும் பயிற்றுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர் முன்னிலையில் உண்மையான ஆட்களோடு செய்முறைப் பயிற்சி இல்லாத கற்கைநெறி, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்கத் தகாதது.

சான்றிதழ் எதற்கு அனுமதி தரவில்லை என்பதையும் படிப்பவர் அறிய வேண்டும். முதுகு பிடித்தவருக்கும் முழங்கால் கிழிந்தவருக்கும் சிகிச்சை செய்வது இலங்கை மருத்துவ சபையில் பதிந்த இயன்மருத்துவரின் வேலை, ஜிம் பயிற்றுநரின் வேலையல்ல. வைத்தியரின் சிட்டை இல்லாமல் ஸ்டெரொய்ட் ஊசியோ குளிசையோ கொடுப்பது வெறும் ஒழுக்கக்கேடு மட்டுமல்ல. மருந்து விற்பனை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. போட்டிகளில் பங்குபற்றும் வீரருக்குக் கொடுத்தால் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க ஊக்கமருந்துத் தடைச் சட்டமும் வந்து சேரும். ஊக்கமருந்து கைமாற்றிய பயிற்றுநருக்கு ஆயுட்காலத் தடைகூட விதிக்கலாம். ஈரல், இதயம், ஆண்மை மூன்றையும் கெடுக்கும் சரக்கை "கோர்ஸ்" என்று செல்லமாகக் கூப்பிடும் ஜிம்களில் புதிதாகச் சேரும் பயிற்றுநர்தான் முதலில் மாட்டிக்கொள்வார்.

சேரும்போது கையெழுத்து வைக்கும் படிவத்தில் "எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது", "விபத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று இருப்பது வழக்கம். அதைப் பார்த்து அடங்கிப்போகத் தேவையில்லை. கவலையீனத்தால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உள்ள பொறுப்பை ஒரு வாசகத்தால் தட்டிக்கழிக்க 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வேலை எடுத்துத் தருவோம் என்ற வாக்குறுதி இருந்தால் அதை எழுத்தில் வாங்க வேண்டும். எழுதித் தர மறுப்பதே போதுமான பதில். பற்றுச்சீட்டு, கையேடு, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்கக் கூடாது.

படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த பின் வேறொரு தந்திரம் காத்திருக்கும். "நீங்கள் ஊழியர் அல்ல, கொமிஷனுக்கு வேலை செய்பவர்" என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியை விட்டுவிடுவார்கள். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தற்காலிக ஊழியருக்கும் பயிலுநருக்கும் கொமிஷன் அடிப்படையில் வேலை செய்பவருக்கும் அந்த நிதி உரியது. ஊழியர் 8 வீதம், தொழில்கொள்வோர் 12 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதத்தைத் தொழில்கொள்வோரே செலுத்த வேண்டும், சம்பளத்தில் வெட்ட முடியாது. கட்டாதவர் மீது தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

கற்கைநெறியிலேயே ஏமாற்றப்பட்டவருக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் சேவைகள் பற்றிய பொய்யான விளம்பரத்தையும் தடைசெய்கிறது. தொலைபேசி 1977. ஆனால் முறைப்பாடு எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேர வேண்டும். "அடுத்த மாதம் பணம் தருகிறோம்" என்று இழுத்தடிக்கும் நிறுவனங்களால் பலரும் இழப்பது இந்தக் காலக்கெடுவைத்தான். பதிவில்லாமல் நடத்துவோரைப் பற்றித் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு அறிவிக்கலாம். சிறு தொகைத் தகராறுகளை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். திட்டமிட்ட மோசடி என்றால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் கொழும்பில் வாழ்பவருக்கும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்பதை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும்.