சுவரில் தொங்கும் துணி

1971 ஜூலையில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம், நவீன ஓவியங்கள் தொங்கும் தன் சுவர்களில் படுக்கை விரிப்புகளை மாட்டியது. ஜொனாதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் என்ற இருவர் தேடித் தேடிச் சேர்த்த பழைய அமெரிக்கக் குயில்ட்கள் அவை. கிராமத்து வீடுகளில், எஞ்சிய துணிகளையும் சேர்த்துப் பெண்கள் தைத்தவை. கட்டில்மேல் கிடந்தவரை போர்வையாக மட்டுமே இருந்த சதுரங்களும் கோடுகளும், சுவருக்கு ஏறியதும் ஓவியங்களுக்கு இணையாகப் பேசப்பட்டன.

பெருமைதான். ஆனால் துணிக்கு இந்த இடமாற்றம் எளிதல்ல. கட்டிலில் கிடக்கும் விரிப்பின் எடையைக் கட்டில் சுமக்கிறது. சுவரில் தொங்கும்போது அது தன் எடையைத் தானே சுமக்க வேண்டும். பெட்டிக்குள் மடிந்து கிடக்க வேண்டிய சாயம் நாள் முழுக்க வெளிச்சத்தில் நிற்கிறது. சுவருக்கென்று ஒரு குயில்ட்டைத் தைப்பவரும் வாங்குபவரும் காப்பவரும் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுத்துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல்தான் அவற்றை ஒரே துணியாக்குகிறது. அந்தத் தையல் விழும் இடம் பள்ளமாகவும், விழாத இடம் மேடாகவும் எழுகிறது. பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் ஒற்றை நிறத் துணியில்கூட நிழல் வரைந்த சித்திரம் தெரியும். 14-ஆம் நூற்றாண்டில் சிசிலியில் தைக்கப்பட்ட டிரிஸ்டன் குயில்ட்டில் போர்வீரர்களும் கப்பல்களும் இந்த மேடு பள்ளத்தாலேயே உருவானவை. அதன் ஒரு பகுதி லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

சுவருக்கான குயில்ட் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சிறிய அளவுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்கத் தையல் கலைஞர் அமி சிம்ஸ் தொடங்கியது. அல்சைமர் நோய் தன் தாயின் நினைவுகளைக் கரைத்துக்கொண்டிருந்த காலத்தில், 2006-இல், ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட முனைந்தார். நாடெங்கிலும் உள்ளவர்கள் 9-க்கு 12 அங்குலத்துக்கு மிகாத குயில்ட்களைத் தைத்து அனுப்பினார்கள். அவை விற்கப்பட்டும் ஏலம் விடப்பட்டும் 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த அளவு ஏன்? அஞ்சல் துறையின் அட்டை உறைக்குள் மடிக்காமல் அப்படியே போகும். பெரிய விரிப்புக்கு மாதக்கணக்கில் உட்கார முடியாதவரும் இதைத் தைத்துவிடலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியாது.

தைக்க உட்காருமுன் துணியைத் துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். ஓடும் சாயம் அப்போதே ஓடட்டும். பிறகு கணக்கு. குயில்ட் உலகில் தையல் விளிம்பு கால் அங்குலம். மூன்று அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் மூன்றரை அங்குலமாக வெட்ட வேண்டும். அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு என்று பன்னிரண்டு சதுரங்களை இணைத்தால், ஓரப்பட்டி நீங்கலாக 9-க்கு 12 கிடைக்கும். ஒவ்வொரு தையலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே தள்ளிப் போனால் என்ன ஆகும்? இரண்டு துண்டுகளிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு குறையும். நீளவாட்டில் உள்ள மூன்று தையலுக்கு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு போய்விடும். பெரிய விரிப்பில் கண்ணுக்குத் தப்பும் பிசகு சின்னச் சட்டத்தில் தப்பாது.

துணியின் போக்கையும் பார்க்க வேண்டும். பாவு நூல் அதிகம் இழுபடாது, ஊடை சற்று இழுபடும், மூலைவாட்டு நிறையவே இழுபடும். ஆகவே பக்க ஓரங்களில் வரும் நீளத் துண்டுகளைப் பாவு மேலும் கீழுமாக ஓடும்படி வெட்டினால், ஆண்டுகள் போனாலும் துணி தொங்கித் தளராது. முக்கோணங்களின் மூலைவாட்டு விளிம்பை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இழுக்கக் கூடாது. பெட்டியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும்.

மூன்று அடுக்கையும் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்ட பிறகு உண்மையான வேலை ஆரம்பம். கையால் தைப்பவர்கள் குட்டையான, மெல்லிய ஊசியை விரும்புவார்கள். ஒரு கை மேலே, ஒரு கை அடியில். அடியில் இருக்கும் விரல் ஊசிமுனையை உணர்ந்ததும் அதை மேலே தள்ளுகிறது. ஊசி முன்னும் பின்னும் ஆட ஆட, ஒரே இழுப்பில் மூன்று நான்கு இழைகள் விழும். தேர்ந்த கைகள் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் போடும். தொடக்கக்காரருக்கு ஐந்து போதும். எண்ணிக்கையைவிட இழைகள் சம நீளமாக இருப்பதே முக்கியம். முடிச்சு வெளியே தெரியக் கூடாது: நூலைச் சுண்டி இழுத்தால் முடிச்சு மேல்துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த மெல்லிய ‘டப்’ ஓசைக்காகவே நான் கைத்தையலை விட மாட்டேன். தையல் வரிகளுக்கு நடுவே அதிக இடைவெளி விட்டால் பஞ்சு தன் எடையால் கீழே இறங்கி, அடிப்பக்கம் தொந்தி போட்டுவிடும். சுவருக்கான குயில்ட்டில் தையல் நெருக்கமாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

ஓரப்பட்டி கட்டியதும் பலர் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். இரண்டு மூலையிலும் ஆணியடித்து மாட்டுகிறார்கள். நடு விளிம்பு தொய்கிறது, மூலைகள் கிழிகின்றன. பின்புறத்தில் மேல் விளிம்பையொட்டி, அகலம் முழுக்க ஒரு துணிக்குழல் தைத்து அதில் தட்டையான மரப்பட்டை நுழைத்தால் எடை ஒரே சீராகப் பங்கிடப்படும். குழலைச் சற்றுத் தளர்வாகத் தைக்க வேண்டும். பட்டையின் பருமன் பின்பக்கமே தங்கிவிடும், முகப்பு புடைக்காது. சிறிய குயில்ட் என்றால் மேல் மூலைகளில் இரண்டு முக்கோணப் பைகள் வைத்து, அவற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகினாலே போதும்.

சேகரிப்பவர்களுக்கும் என் முதல் யோசனை பின்புறத்தைப் பார்க்கச் சொல்வதுதான். முகப்பு வடிவத்தைக் காட்டும். பின்புறம் தையலின் நேர்மை, பழுதுபார்த்த இடம், வெயில் படாத உண்மை நிறம் எல்லாவற்றையும் காட்டும். பழைய பட்டுத் துண்டுகள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பட்டின் எடையைக் கூட்ட வெள்ளீய உப்புகளை ஏற்றினார்கள். அந்தப் பட்டு இன்று தொட்டாலே நார் நாராகப் பிரிகிறது, அதை நிறுத்த வழியில்லை.

இதே கதைக்கு நம் கடற்கரையிலும் ஒரு கிளை உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சித்திரத் துணிகள் ஐரோப்பாவில் பெரும் மோகத்தை எழுப்பின. உள்நாட்டு நெசவாளர்களின் எதிர்ப்பால் இங்கிலாந்து 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றுக்குத் தடைச் சட்டங்களே போட்டது. பிற்பாடு, அத்தகைய துணிகளின் பூக்களையும் பறவைகளையும் வரைகோட்டோடு வெட்டி எடுத்து, வெள்ளைத் துணியில் பதித்துத் தைக்கும் வழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியது. ப்ரோட்ரி பெர்ஸ் என்று அதற்குப் பெயர். அரிய துணியில் ஒரு பூவும் வீணாகாது.

அந்தப் பூக்களின் சிவப்பு, படிகாரத்தின் துணையோடு சாயவேர் தந்தது. பல குயில்ட்களில் இன்றும் தெளிவாக நிற்கிறது. ஆனால் எல்லைக்கோட்டின் கறுப்பு, கடுக்காயும் இரும்புக் கரைசலும் சேர்ந்து உண்டானது. துணியில் தங்கிய இரும்பு, பருத்தி இழை காற்றோடு வினைபுரிவதை விரைவுபடுத்தும். சிவப்பு இதழ் முழுசாக இருக்க, அதைச் சுற்றிய கறுப்புக் கோடு மட்டும் பொடிந்து விழுந்திருப்பதைப் பழைய துணிகளில் காணலாம். பழைய குயில்ட்களில் காபிப்பழுப்புத் துண்டுகள் மட்டும் காணாமல் போயிருப்பதும் பெரும்பாலும் இரும்பின் வேலைதான்.

வாங்கும் துணியோடு அதன் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள். ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் தைத்த விவிலியக் குயில்ட்டை ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை 1891-இல் ஐந்து டாலருக்கு வாங்கினார். பவர்ஸ் கேட்டது பத்து டாலர். அந்த விலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. என்றாலும், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன காட்சி இருக்கிறது என்று பவர்ஸ் சொன்னதை ஸ்மித் எழுதி வைத்தார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ள அந்தத் துணியை, தைத்தவரின் சொல்வழியே நாம் படிக்க முடிவது அந்தக் குறிப்பால்தான். நீங்களே தைத்ததானாலும் பெயர், ஊர், ஆண்டு எழுதிய சிறு துணித்துண்டைப் பின்னால் தைத்துவிடுங்கள்.

இனிக் காப்பது. அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே அனுமதிக்கின்றன. நம் வீட்டுக் கூடத்தின் பகல் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு. வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. நேர் வெயில் விழும் சுவரைத் தவிர்க்கலாம். மூன்று நான்கு குயில்ட் இருந்தால் மாற்றி மாற்றி மாட்டி மற்றவற்றை ஓய்வெடுக்க விடலாம். அடுப்புப் புகையும் விளக்குப் புகையும் எட்டாத இடம் நல்லது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம். பூஞ்சணம் பின்புறத்தில்தான் முதலில் பிடிக்கும்.

தூசிக்குத் தண்ணீர் கூடாது. கொசுவலைத் துண்டை மேலே விரித்து, தூசி உறிஞ்சியைக் குறைந்த வேகத்தில் வைத்து எடுக்கலாம். வேறு வழியின்றித் துவைக்க வேண்டுமென்றால், முதலில் ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் சற்று நேரம் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு நிறம் ஒட்டினாலும் துவைக்கும் எண்ணத்தைக் கைவிடுவதே மேல்.

எடுத்து வைக்கும்போது அந்துருண்டை துணிமேல் படக் கூடாது. மரம் விடும் அமிலம் துணியைப் பழுப்பாக்கும் என்பதால் மரப்பலகையும் நேராகப் படக் கூடாது. கஞ்சி போகத் துவைத்த காடா துணி நம்மூரில் மலிவு, அதுவே நல்ல உறை. கஞ்சியை விட்டுவைத்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். பெரிய விரிப்பை மடிக்கும் கோட்டை ஆண்டுக்கு இருமுறையாவது மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இழை அறும். 9-க்கு 12 அங்குலக் குயில்ட்டுக்கு அந்தக் கவலையும் இல்லை; ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் காடா துணி வைத்து, தட்டையாகவே அடுக்கலாம்.