புதிய காமிரா வாங்கத்தான் வேண்டுமா?

விருதுநகர் மாவட்டத்தில், அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டுள்ள ஊர் ஆனைக்குட்டம். சுற்றிலும் வறண்ட கரிசல் நிலம். அதன் நடுவே, ஒன்றையொன்று தொடாமல் விலகி விலகி நிற்கும் பட்டாசு ஆலைகளின் சிற்றறைகள். இவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், உறவுமுறையில் நம்மைச் சித்தப்பா என்று அழைப்பவர், சென்ற தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் நம் இல்லம் வந்தார். திருமணம், காதணி விழா, புதுநன்மை, பங்குத் திருவிழா ஆகியவற்றைப் படமெடுத்துப் பிழைப்பவர் அவர். கையில் இருப்பதோ 2014இல் வாங்கிய 18 மெகாபிக்சல் காமிரா.

"சித்தப்பா, இதெல்லாம் பழைய சாமான் ஆகிவிட்டது, இதை வைத்துக்கொண்டு இனிமேல் ஆர்டர் பிடிக்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். புதுசு வாங்கிவிடலாமா?" என்று கேட்டார்.

புதிய காமிராவும் அதற்குரிய லென்சும் சேர்ந்து ஒன்றே முக்கால் இலட்சம் ரூபாய். இரண்டாண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் எட்டாயிரத்துக்குக் குறையாமல் கட்ட வேண்டும். முன்பணத்துக்கு அவர் நம்பியிருந்தது, பட்டாசு ஆலையில் வேலை செய்யும் தம் தாய்க்குக் கிடைக்கவிருந்த தீபாவளி போனசை. ஆதலால் நம்மால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. இக்கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுகின்ற கேள்வி. எனவே அவரோடு சேர்ந்து நாம் எண்ணிப் பார்த்தவற்றை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பிலிம் காலத்தில் இல்லாத கவலை

நம் பெற்றோர் காலத்தில் ஒரு காமிரா வாங்கினால் அது இருபது ஆண்டுகள் உழைத்தது. அக்காலத்துக் கருவிகள் உறுதியானவை என்பது மட்டுமே இதற்குக் காரணம் அன்று. படத்தைப் பதிவு செய்வது பிலிம். அதைத் தாங்கி நிற்கும் ஒளிபுகாப் பெட்டியே காமிரா. ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் அந்தப் பெட்டி ஒருவகையில் புதிதாயிற்று. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமையும் வெளிநாட்டுப் புதுப் பிலிமையும் அதே பழைய காமிராவில் பொருத்தலாம்.

டிஜிட்டல் காமிராவில் பிலிமுக்குப் பதிலாக சென்சார் உள்ளது. அது காமிராவின் உள்ளேயே நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. சிறந்த சென்சார் வேண்டுமானால் பெட்டியையே மாற்றியாக வேண்டும். காமிராவை மாற்றும் கவலை நம் வீடுகளுக்குள் புகுந்த வழி இதுதான்.

தொடக்கத்தில் இம்மாற்றம் இன்றியமையாததாகவே இருந்தது. கொடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிராவின் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. அதன் படத்தில் இருந்தவை வெறும் 10,000 புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடிகள் பிடித்தன. 1999இல் செய்தியாளர்களுக்கென வந்த நிக்கான் டி1 காமிராவில் 27 இலட்சம் புள்ளிகள். 2003இல் சாமானியரும் வாங்க எண்ணும் விலையில் வந்த கேனன் 300டி காமிராவில் 63 இலட்சம். 2008இல் கேனன் 5டி மார்க் 2 காமிராவில் 2 கோடியே 10 இலட்சம். அந்த ஆண்டுகளில் நான்கு ஆண்டுப் பழைய காமிராவை மாற்றியவருக்குப் படத்திலேயே வேறுபாடு தெரிந்தது.

அதன்பின் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது குறைந்துகொண்டே வந்தது. விற்பனையும் சரிந்தது. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் கடைகளுக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் ஏறத்தாழ 12 கோடி. 2023இல் 80 இலட்சத்துக்கும் குறைவு. கைப்பேசி வந்து எஞ்சியவர்களைக் கொண்டுபோய்விட்டது. ஆகவே, ஏற்கெனவே காமிரா வைத்திருப்பவரை மீண்டும் வாங்கச் செய்வதே இன்று விற்பவரின் பெருங்கவலை. இதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அவருடைய கவலையை நம் கவலையாக்கிக்கொள்ள வேண்டுவதில்லை.

புள்ளிகளின் கணக்கு

மெகாபிக்சல் என்றால் பத்து இலட்சம் புள்ளிகள். எத்தனை இருந்தால் போதும்? இதைச் சிவகாசி வட்டாரத்தார் நன்கு அறிவர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிடத் தொடங்கி, நாட்காட்டியும் நாட்குறிப்பும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் ஊரல்லவா அது! நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது அங்குள்ள அச்சகங்களில் அன்றாட வழக்கு.

வீட்டு ஆல்பத்தில் ஒட்டும் 6க்கு 4 அங்குலப் படத்துக்கு 1800க்கு 1200 புள்ளிகள், அதாவது 22 இலட்சம் போதும். கைப்பேசித் திரைக்கும் ஏறத்தாழ அவ்வளவே. இன்றைய 4கே தொலைக்காட்சி முழுத்திரையிலும் காட்டுவது 83 இலட்சம் புள்ளிகள். திருமண ஆல்பத்தில் இரு பக்கமும் விரியும் 18க்கு 12 அங்குலப் படத்துக்கு நம் இளைஞரின் பழைய காமிரா தரும் 5184க்கு 3456 புள்ளிகளைப் பரப்பினால், அங்குலத்துக்கு 288 கிடைக்கிறது. 300க்குப் பன்னிரண்டுதான் குறைவு! ஆல்பத்தைக் கையில் வைத்துப் பார்க்கும் மணமகளின் தாயார் அந்தப் பன்னிரண்டைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. 18 மெகாபிக்சலிலிருந்து 45க்கு மாறினால் படம் இரண்டரை மடங்கு தெளிவாகும் என்று பலர் எண்ணுகின்றனர். புள்ளிகள் அகலத்திலும் உயரத்திலும் பங்கிடப்படுவதால், ஒவ்வொரு பக்கத்திலும் கூடுவது ஏறத்தாழ 1.6 மடங்கு மட்டுமே.

வாணவேடிக்கையும் இருண்ட கோவிலும்

அப்படியாயின் புதிய காமிராவில் பயனே இல்லையா? உண்டு. எங்கு உண்டு, எங்கு இல்லை என்று பிரித்தறிவதே நம் வேலை.

திருவிழா இரவில் தேர்பவனி முடிந்ததும் வானில் மலரும் வாணவேடிக்கையை எடுத்துக்கொள்வோம். இதற்குக் காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஐஎஸ்ஓ அளவை 100இல் வைத்து, லென்சின் துளையை எப்/8 அல்லது எப்/11க்குச் சுருக்கி, தூரத்தைக் கையாலேயே சரிசெய்து, ஷட்டரை இரண்டு முதல் ஐந்து விநாடி வரை திறந்து வைக்க வேண்டும். ஒளிக்கோடுகள் தாமே படத்தை வரைந்துவிடும். பத்தாண்டுப் பழைய காமிராவும் நேற்று வாங்கிய காமிராவும் இதில் ஏறத்தாழ ஒன்றே. குறை பெரும்பாலும் முக்காலி இல்லாததே.

மாலை நேரத் திருமணத் திருப்பலி வேறு வகை. கோவிலுக்குள் வெளிச்சம் குறைவு, முக்காலிக்கு இடமில்லை, மணமக்கள் வாக்குறுதி கூறும் நேரத்தில் ஃபிளாஷ் வெட்டுவது அழகன்று. ஐஎஸ்ஓவை உயர்த்தினால் பழைய காமிராவின் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். இங்கே பெரிய சென்சார் கொண்ட புதிய காமிரா உண்மையாகவே உதவும். ஆடியில்லாப் புதுவகைக் காமிராக்கள் ஓசையின்றிப் படமெடுக்கும். முகத்தையும் கண்ணையும் தாமே கண்டறிந்து கூர்மையைப் பற்றிக்கொள்ளும். திருமணப் பணியாளருக்கான உயர்வகைகளில் இரு நினைவட்டைகள் இடலாம். ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும்.

ஆயினும் அதற்குமுன் ஏறவேண்டிய படி ஒன்று உண்டு. காமிராவோடு சேர்த்துத் தரப்படும் லென்ஸ், சற்று நெருக்கிப் பார்க்கும்போது எப்/5.6 அளவுக்கே திறக்கும். 50 மி.மீ. எப்/1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். இதன் விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டியது. இருட்டை வெல்ல இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி இல்லை.

புதிய காமிராவின் விலை அதன் சீட்டில் எழுதியிருப்பதோடு முடிவதும் இல்லை. கேனன் 1987இலிருந்தும் நிக்கான் 1959இலிருந்தும் கையாண்ட லென்ஸ் இணைப்புக்குப் பதிலாக, இரண்டும் 2018இல் தம் புதிய காமிராக்களுக்கு வேறு இணைப்பைக் கொண்டுவந்தன. பழைய லென்சைப் பொருத்த இடைவளையம் வேண்டும். இல்லையேல் புது லென்ஸ் வேண்டும். பெரிய படங்களைத் திறக்கக் கணினி திணறும். சேமிக்க இடம் போதாது.

சுவரில் மாட்ட ஒரு படம்

இவ்வளவும் பேசி முடித்தபோது அந்த இளைஞர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, நாம் கேளாமலே ஒரு செய்தியைச் சொன்னார்.

நம் வட்டாரத்தில் வெடிவிபத்து என்ற சொல் எவருக்கும் புதிதன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். செய்தித்தாளில் இடம் பெறாத சிறு விபத்துகள் எத்தனையோ. அத்தகைய ஒன்றில் உயிரிழந்த ஒரு பெண்ணின் வீட்டார், சில ஆண்டுகளுக்கு முன், சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டி இவரிடம் வந்திருக்கின்றனர். அவர்களிடம் இருந்தவை ஆதார் அட்டைப் படமும், உறவினர் திருமணத்தில் இவர் எடுத்த குழுப்படமும் மட்டுமே.

"அந்தக் கூட்டத்தில் அக்கா பின்வரிசையில் நிற்கிறார்கள், சித்தப்பா. முகத்தை மட்டும் பெரிதாக்கினால் ஒன்றுமே தெரியவில்லை. நல்ல காமிரா இருந்திருந்தால் தெரிந்திருக்குமே என்றுதான் அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது."

புதிய காமிராவின்மீது அவர் கொண்ட ஆசையின் வேர் நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. தாள் எடுத்துக் கணக்கிட்டோம். குழுப்படத்தில் ஒரு முகம் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், பழைய காமிராவில் அதற்குக் கிடைப்பவை 345 புள்ளிகள். 45 மெகாபிக்சல் காமிராவானால் 550. எட்டு அங்குல அகலத்தில் ஓரளவேனும் தெளிவாக அச்சிட 1600 வேண்டும். இரண்டும் போதா. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இன்று மங்கிய முகத்தைத் துலக்கிக் காட்டுகின்றன. ஆனால் அவை இட்டு நிரப்பும் கண்ணும் இதழும் அந்தப் பெண்ணுடையவை அல்ல.

"அன்று அவரைத் தனியே ஒரு படம் எடுத்திருந்தால்?" என்று கேட்டோம்.

"எடுத்தேன், சித்தப்பா. பந்தல் ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. வேறு நகல் வைக்கவில்லை."

அதன்பின் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சிரிப்பை எடுத்தது பழைய காமிரா. அதை இழக்கச் செய்தது காமிரா அன்று.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஆகவே, காமிராவை மாற்ற எண்ணுவோர் முதலில் தாம் தவறவிட்ட படங்களை நினைத்துப் பார்க்கட்டும்.

கடந்த ஓராண்டில் எந்தப் படங்கள் கெட்டன? இருளாலா, கை நடுக்கத்தாலா, உரிய நேரத்தில் அங்கே இல்லாததாலா?

லென்சும் முக்காலியும் அக்குறையைத் தீர்க்குமா?

எடுத்த படங்களுக்கு மூன்று பிரதிகள் உள்ளனவா? அவற்றுள் ஒன்றேனும் வேறொரு வீட்டில் இருக்கிறதா? முக்கியமானவை தாளில் அச்சிடப்பட்டுள்ளனவா?

தொழிலுக்கென்றால், புதிய காமிரா கொணரும் கூடுதல் வருமானம் தவணையைக் கட்டுமா? முகூர்த்தமில்லாத மாதங்களில் அதை யார் கட்டுவது?

இத்தனைக்கும் பிறகு, குறை காமிராவில்தான் என்று தெளிந்தால் தயங்காமல் வாங்கலாம். தொடக்கநிலைக் காமிராக்களின் ஷட்டர் ஏறத்தாழ ஓர் இலட்சம் படங்களுக்கென அமைக்கப்படுவது வழக்கம். அதைத் தாண்டி உழைத்த கருவி திருமண நாளில் நின்றுபோனால், அந்த நாள் திரும்பி வராது. பிழைப்புக்கான கருவியைக் காலத்தில் மாற்றுவது ஆடம்பரம் ஆகாது.

நம் இளைஞர் அந்தத் தீபாவளிக்குக் காமிரா வாங்கவில்லை. ஒரு 50 மி.மீ. லென்சும் இரண்டு ஹார்ட் டிஸ்குகளும் வாங்கினார், இருபதாயிரத்துக்குள் முடிந்தது. தாயின் போனஸ் தாயிடமே இருந்தது. புது வகை வீடியோ எடுக்க இயலாது என்பதால் ஒரு திருமண ஆர்டர் கைநழுவியது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஷட்டர் ஓயும் நாளுக்கென மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து வருகிறார். அந்நாளில் ஒருவேளை கையிருப்பிலேயே வாங்கிவிடுவார்.

பக்கத்துப் பங்கின் திருவிழாவில் அவரை மீண்டும் கண்டோம். கொடிமரத்தருகே வேப்பமர நிழலில், பழைய காமிராவோடு நின்றுகொண்டிருந்தார். ஆலைக்குச் செல்லும் தாய்மாரையும் தந்தையரையும் ஒவ்வொருவராக அழைத்து, "அண்ணாச்சி, இப்படிக் கொஞ்சம் திரும்புங்க, அக்கா, தலையை நிமிர்த்துங்க" என்று தனித்தனியே படமெடுத்துக்கொண்டிருந்தார். சிலர் வெட்கினர், சிலர், "எனக்கு எதுக்குப்பா தனியா?" என்று நகர்ந்தனர். அவர் விடவில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டுக் காமிராவோ கைப்பேசியோ எவ்வளவு பழையதாயினும் இன்று மாலை அதை எடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் நல்ல வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுங்கள். இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். புதியது வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.