படத்தொகுப்பாளர் யாரிடம் கேட்பது?

பாட்டிக்கு எண்பது வயது நிறைவு. தேக்காவில் உள்ள ஓர் உணவகத்தில் உறவினர்கள் கூடியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூர் வந்த கதையை, பாட்டி முதன்முறையாக முழுமையாகச் சொல்கிறார். பேரன் அதைக் கைப்பேசியில் நாற்பது நிமிடங்கள் படம் பிடிக்கிறான். குரல் தெளிவாக இருக்க வேண்டும் என்று தனி ஒலிப்பதிவுக் கருவியையும் மேசைமேல் வைக்கிறான்.

இரவு வீடு திரும்பி, கணினியில் படத்தையும் ஒலியையும் இணைத்துப் பார்க்கிறான். முதல் சில நிமிடங்களில் குறையொன்றும் இல்லை. போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கடைசியில் பாட்டி வாயை மூடிய பிறகும் பேச்சு கேட்கிறது. இன்னொரு முறை எடுக்கலாம் என்றால், அன்று சொன்னதுபோல் பாட்டி மறுபடி சொல்வாரா? நள்ளிரவில் யாரை எழுப்பிக் கேட்பது?

இப்படி ஒரு சங்கடம் இன்று பல வீடுகளில் நேரக்கூடியதுதான். கேமராவும் கணினியும் எல்லார் கைக்கும் வந்துவிட்டன. ஆனால், அருகில் அமர்ந்து சொல்லித்தரும் ஆசான் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஆசானின் நிழலில்

ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் நுழைய ஒரே வழி, உதவியாளராகச் சேர்வதுதான். சிங்கப்பூரிலேயே அதற்குச் சான்று உண்டு. பாலஸ்டியர் வட்டாரத்தின் ஜாலான் அம்பாசில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் 1947 முதல் 1967 வரை இயங்கியது. அங்கே 150க்கும் மேற்பட்ட மலாய்ப் படங்கள் உருவாயின. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் இயக்குநர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் வந்து பணியாற்றினர். பி. ரம்லியின் புகழ்பெற்ற ‘இபு மெர்துவாக்கு’ (1962) படத்தைத் தொகுத்தவர் எச்.ஆர். நாராயணா. பி. ரம்லியை அறிந்த பலர் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். படத்தொகுப்பாளரின் வேலை அப்படிப்பட்டது. கச்சிதமாக அமைந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது.

அன்று தொகுப்பு என்றால் உண்மையிலேயே ஃபிலிமை வெட்டி ஒட்டுவதுதான். வெட்டிய துண்டுகளுக்கு எண்ணிட்டு, கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது உதவியாளரின் பொறுப்பு. ஆசான் ஏன் இந்த இடத்தில் வெட்டினார், ஏன் அந்தப் பார்வையை இன்னும் ஒரு நொடி நீட்டினார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தே அவர் கற்றுக்கொண்டார்.

தமிழகத்திலும் இதே மரபுதான். ‘பாசமலர்’ இயக்கிய பீம்சிங், கிருஷ்ணன்-பஞ்சுவிடம் உதவித் தொகுப்பாளராகத் தொடங்கியவர். அவருடைய மகன் பி. லெனின், இந்தியாவின் தலைசிறந்த தொகுப்பாளர்களில் ஒருவரானார். பலமுறை தேசிய விருது பெற்ற ஸ்ரீகர் பிரசாத், தம் தந்தை சஞ்சீவியிடம் தொழில் கற்றவர். சிறந்த பள்ளிதான், ஆனால் அதன் வாசல் குறுகியது. உள்ளே ஒருவரைத் தெரிந்திருந்தால்தான் கதவு திறக்கும்.

கணினி வந்தது, முக்காலி போனது

1994ல் வெளிவந்த ‘மகாநதி’, ஆவிட் என்னும் கணினித் தொகுப்பு முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம் என்று குறிப்பிடப்படுகிறது. 1999ல் ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் புரோ மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டு மேசையில் வைக்கும் கணினியிலேயே தொகுக்கலாம் என்ற நிலை உருவானது. புகழ்பெற்ற ஹாலிவுட் தொகுப்பாளர் வால்டர் மர்ச், ‘கோல்ட் மவுண்டன்’ (2003) படத்தையே அதில் தொகுத்துக் காட்டினார்.

செலவு குறைந்தது, வாசல் அகன்றது. ஆனால் ஆசான் பக்கத்தில் உதவியாளர் அமர்ந்திருந்த முக்காலியும் காணாமல் போயிற்று. தனியறையில் தனியாள். சிக்கல் வந்தால் கேட்க ஆளில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது இணையம். 2001ல் தொடங்கிய ‘கிரியேட்டிவ் கவ்’ போன்ற இடங்களில், ஒரு நாட்டின் தொகுப்பாளர் கேட்ட கேள்விக்கு முன்பின் பார்த்திராத இன்னொரு நாட்டவர் பதில் எழுதினார். பதில் சொன்னவருக்குக் கூலி இல்லை. நேற்று தமக்கு யாரோ சொல்லித்தந்ததை, இன்று இன்னொருவருக்குச் சொன்னார், அவ்வளவுதான். ஆசான்-சீடர் மரபு அழியவில்லை, அறையை விட்டு வெளியே வந்தது என்றே சொல்ல வேண்டும்.

கேட்கும் முறை

கேட்டால் மட்டும் போதாது, கேட்கத் தெரிய வேண்டும். “என் வீடியோ சரியாக வரவில்லை, உதவுங்கள்” என்றால் எந்த நிபுணராலும் பதில் சொல்ல முடியாது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, எதில் படம் பிடித்தது, நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள், திரையில் தோன்றிய பிழைச் செய்தி என்ன, இதுவரை என்னென்ன செய்து பார்த்தாயிற்று ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் நோயின் அறிகுறிகளைச் சொல்வதுபோலத்தான் இதுவும்.

பேரனின் சிக்கலையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர்த் தொலைக்காட்சி நொடிக்கு 25 படச்சட்டங்கள் என்ற கணக்கைப் பின்பற்றுகிறது. கைப்பேசிகள் பலவும் அப்படி ஒரே சீராகப் பதிவு செய்வதில்லை. வெளிச்சத்துக்கும் கருவியின் நிலைமைக்கும் ஏற்ப வேகத்தைச் சற்றுக் கூட்டிக் குறைக்கின்றன. சில தொகுப்பு மென்பொருள்கள் எல்லாச் சட்டங்களும் சம இடைவெளியில் இருப்பதாகக் கருதிக் கணக்கிடுகின்றன. இந்தச் சிறு வேறுபாடு சேர்ந்து சேர்ந்து, கடைசியில் குரல் நழுவுகிறது. ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் படத்தை மாறாத வேகத்துக்கு மாற்றி, அதன் பிறகு தொகுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூலப் பதிவை மட்டும் அழித்துவிடக் கூடாது.

கைப்பேசி, தனி ஒலி, போகப் போக நழுவுகிறது என்ற மூன்று விவரங்களைச் சொல்லியிருந்தால், அனுபவசாலி ஒருவர் இந்த விடையை ஒரே வரியில் தந்திருப்பார்.

கொம்பு உடைந்த தமிழ்

தமிழ்த் தொகுப்பாளருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. படத்தின் கீழே “கொடு” என்று எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி, வாசிக்க முடியாமல் நிற்கும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கலாம். அல்லது, தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி அந்த மென்பொருளில் இல்லாமலோ இயக்கப்படாமலோ இருக்கலாம். அடோபி பிரீமியர் போன்றவற்றில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து நேராகும்.

இதற்கான விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. தமிழில் தேடுவோருக்குக் கிடைப்பது குறைவு. ஆனால் சிதறிக் கிடந்த தமிழறிவை ஒன்றுதிரட்டுவது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. ஊருக்கொரு தமிழ் எழுத்துருக் குறியீடு இருந்த காலத்தில், 1997 மே மாதம், நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசியதன் தொடர்ச்சியாகத்தான் 1999ல் சென்னை மாநாட்டில் பொது விசைப்பலகை முடிவானது. தொகுப்பாளர்களும் அவ்வாறு தங்கள் அனுபவத்தைத் தமிழில் எழுதி வைத்தால், அடுத்தவர் இரவெல்லாம் விழிக்க வேண்டியதில்லை.

கவனம் தேவை

இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொன்னல்ல. 2011 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் புரோ எக்ஸ், அதன் முந்தைய பதிப்பில் செய்த தொகுப்புகளைத் திறக்க மறுத்தது. ஒரே மென்பொருளை நம்பியிருந்தவர்கள் தவித்தனர். முடித்த வேலையை மற்ற மென்பொருளும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் வடிவிலும் சேமிப்பது அன்று கற்ற பாடம்.

பூட்டு உடைத்த திருட்டு மென்பொருளுக்கு இன்று அவசியமே இல்லை. ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடிந்த டாவின்சி ரிசால்வுக்கு 2011 முதல் இலவசப் பதிப்பு உண்டு. கெடென்லைவ், ஷாட்கட் போன்றவை முற்றிலும் இலவசம். உதவி கேட்கும்போது வாடிக்கையாளரின் திருமணப் படத்தை அப்படியே ஊரறியப் போடுவதும் தவறு. சோதனைக்காக எடுத்த சிறு துண்டு போதும்.

எல்லாவற்றையும் திரையில் கற்றுவிட முடியாது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒரு வெட்டு சரியா என்று முடிவு செய்ய ஆறு அளவுகோல்களைச் சொல்லும் வால்டர் மர்ச், அவற்றில் உணர்ச்சிக்கு மட்டும் 51 விழுக்காடு தருகிறார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை முகம் தெரியாதவரும் சொல்லலாம். பார்ப்பவர் மனம் எங்கே நெகிழ்கிறது, எங்கே கொட்டாவி விடுகிறது என்பதை எதிரில் அமர்ந்திருக்கும் மனிதரின் முகம்தான் சொல்லும்.

அதற்கும் இங்கே வழியுண்டு. தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய மிடில் ரோட்டில் இருக்கும் அப்ஜெக்டிஃப்ஸ் நிலையம், 2003ல் தொடங்கப்பட்டது. குறும்படத் திரையிடல்களையும் பயிலரங்குகளையும் நடத்துகிறது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2016 முதல் வழங்கப்படும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளியை, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்குச் செலவிடலாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும், ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துக் குறை சொல்லிக்கொள்ள நான்கு நண்பர்கள் போதும்.

பாட்டியின் படம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பேரனுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எது தவறாக இருந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்பதைத் தமிழில் பத்து வரி எழுதி, கேள்வி கேட்ட அதே இடத்தில் வைக்க வேண்டும். இன்னொரு வீட்டில், இன்னொரு நள்ளிரவில், இன்னொரு பாட்டியின் குரல் நழுவும்போது, அந்தப் பத்து வரிகள்தான் பக்கத்தில் அமரும் ஆசான்.