கடலோரச் சாலையில் யாரை நம்பிப் போவது?

புது தில்லி: "போலீஸார் நிறுத்திக் கேட்டால் உறவினர் என்று சொல்லிவிடுங்கள்.''

ஒடிசா மாநிலம் புரியிலிருந்து கொனார்க் செல்லும் கடலோரச் சாலையில், காரைக் கிளப்பிய ஐந்தாவது நிமிடத்தில் ஓட்டுநர் இவ்வாறு கூறினார். தங்கியிருந்த விடுதியின் வரவேற்பு மேசையில் பேசி அமர்த்திய கார் அது. "டிரைவரே கைடு, தனியாக யாருக்கும் பணம் தர வேண்டாம்'' என்று மேசையில் இருந்தவர் உறுதியளித்திருந்தார். வாடகையும் மற்றவர்கள் கேட்டதைவிடக் குறைவு. காரின் எண் பலகை வெள்ளை நிறத்தில் இருந்ததை ஏறும்போது கவனிக்கவில்லை.

அன்று போலீஸார் யாரும் நிறுத்தவில்லை. உறவுமுறையைச் சோதிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஆனால், அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் எத்தனை சட்டப் பிரிவுகள் இருக்கின்றன என்பதைத் தில்லி திரும்பிய பிறகு படித்தபோதுதான் அதன் விபரீதம் புரிந்தது.

வாடகைக்கு ஆள் ஏற்றும் வாகனத்துக்குப் பொதுவாக 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்பது அதன் வெளி அடையாளம். சொந்தப் பயன்பாட்டுக்கான வெள்ளைப் பலகை வாகனத்தை வாடகைக்கு விட்டால், 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. இந்தத் தண்டனை ஓட்டியவருக்கும் ஓட்ட அனுமதித்தவருக்கும்தான், பயணிக்கு இல்லை. பயணிக்கு நேரும் ஆபத்து வேறு. சொந்தப் பயன்பாட்டுக்கென எடுத்த காப்பீட்டில், வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கும். விபத்து நேர்ந்தால், அந்த நிபந்தனை மீறப்பட்டதாகக் கூறி இழப்பீட்டுப் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க அது வழி செய்கிறது. பிறகு தீர்ப்பாயம், மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடும். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு அடகு வைக்கப்படுவது இதுதான்.

எனவே, காரில் ஏறும் முன் பார்க்க வேண்டியது ஓட்டுநரின் முகத்தை அல்ல, எண் பலகையை. அடுத்தது, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் "எம்-பரிவாகன்' செயலி. அதில் எண்ணைத் தட்டினால், வாகனத்தின் வகை, தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவை எந்தத் தேதி வரை செல்லும் என்பது தெரியும். வாடகை வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர அழைப்புப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது 2019 ஜனவரி முதல் பதிவான புதிய வாகனங்களுக்கு விதி. பொத்தான் பல கார்களில் இருக்கிறது. இருக்கை உறைக்கு அடியில் இருக்கிறது.

ஓட்டுநரின் உரிமம் பற்றி ஒரு குழப்பம் நெடுநாள் நீடித்தது. இலகுரக வாகன உரிமம் மட்டுமே வைத்திருப்பவர் வாடகைக் கார் ஓட்டலாமா என்ற கேள்வியில், 2017இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு "ஓட்டலாம்' என்றது. காப்பீட்டு நிறுவனங்கள் விடவில்லை. கடைசியில், 2024 நவம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதே முடிவை உறுதி செய்தது. 7,500 கிலோவுக்குள் எடை கொண்ட வாகனத்துக்குத் தனி உரிமம் தேவையில்லை. ஆக, "பேட்ஜ் இருக்கிறதா?' என்று பயணி துருவிக் கேட்பதில் இப்போது பெரிய பொருள் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: "நேற்றிரவு எங்கே, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?''

ஒரே நாளில் மூன்று ஊர்

புரியிலிருந்து கொனார்க் 35 கி.மீ. புவனேஸ்வரிலிருந்து நேராகக் கொனார்க் சென்று, கடலோரமாகப் புரிக்கு வந்து, மீண்டும் புவனேஸ்வர் திரும்பினால் ஏறத்தாழ 160 கி.மீ. ஒரு நாளுக்கு இது போதும். ஆனால், தரகர்கள் விற்கும் ஒருநாள் திட்டத்தில் சிலிகா ஏரியும் சேர்ந்துவிடுகிறது. டால்பின் பார்ப்பதற்குப் படகு ஏறும் சாத்தபாடா, புரிக்கு மறுபக்கம் சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது. போய் வர 100 கி.மீ., படகில் இரண்டு மூன்று மணி நேரம். கொனார்க்கில் சூரிய உதயம், நண்பகலில் டால்பின், மாலையில் ஜகந்நாதர் என்று அட்டையில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். விடியலுக்கு முன் வண்டி எடுக்கும் ஓட்டுநர் இரவு பத்து மணிக்கு விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, அடுத்த பயணியை ஏற்றிக்கொண்டு புரிக்குத் திரும்புகிறார்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் சட்டம் வகுத்திருந்தது. ஆனால், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. இரண்டு கார் வைத்திருக்கும் முதலாளியை அது தொடவில்லை. சுற்றுலா ஊர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட முதலாளிகளே. அந்தச் சட்டமும் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. சாலையில் ஓட்டுநரின் தூக்கத்தைக் காக்கும் கடைசி அதிகாரி பயணிதான் என்று ஆகிவிடுகிறது.

இரண்டாம் நாள் வேறு காரை, சாலையோர நிறுத்தத்தில் நின்ற ஓட்டுநரிடமே நேரடியாகப் பேசி அமர்த்தினேன். மஞ்சள் பலகை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கொனார்க், சாத்தபாடா இரண்டும் வேண்டும் என்றதும், "ஒன்றைச் சொல்லுங்கள், இரண்டையும் சொல்லாதீர்கள்'' என்றார். முந்தைய நாள் உறவினராக வந்தவருடன் கொனார்க்கை ஓடிப்பார்த்த கதையைச் சொல்லி, கொனார்க்கையே மறுபடியும் கேட்டேன்.

அந்தச் சாலையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெயர்தான் கடலோரச் சாலை. பெரும்பகுதி தூரம் கடல் கண்ணில் படாது. சவுக்கும் முந்திரியும் மறைத்திருக்கும் பாலுகண்ட்-கொனார்க் சரணாலயத்தின் வழியாகச் செல்கிறது. 2019 மே 3ஆம் தேதி புரி அருகே கரையைக் கடந்த "பானி' புயல் இந்தக் காட்டை முறித்துப்போட்டது. குசபத்ரா ஆற்று முகத்தில் ராமசண்டி கோயிலைத் தாண்டி, சந்திரபாகாவை நெருங்கும்போதுதான் கடல் சாலையோரம் வந்து நிற்கிறது. முதல் ஓட்டுநர் காட்டுப் பகுதியில் விரைந்து, கடல் தெரிந்த இடத்திலும் விரைந்தார். இரண்டாமவர், புள்ளிமான் குறுக்கே பாயும் இடம் என்று வேகத்தைக் குறைத்தார். கடல் தெரிந்ததும் கேட்காமலே ஓரம் கட்டினார்.

உள்ளே என் வேலை இல்லை

கொனார்க் வாசலில் அவர் இறங்கவில்லை. "உள்ளே என் வேலை இல்லை. அட்டை தொங்கவிட்டிருப்பவரைப் பிடியுங்கள்'' என்றார். "டிரைவரே கைடு' என்று முந்தைய நாள் வாங்கிய வாக்குறுதிக்கு இந்திய விதிகளில் இடமே இல்லை என்பது அப்போது தெரியாது. இலங்கையில் ஓட்டுநர்-வழிகாட்டி என்று தனி உரிமமே உண்டு. இங்கே ஓட்டுவது ஓர் உரிமம்; வழிகாட்டுவது இன்னொன்று. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்துக்குள் பணம் பெற்றுக்கொண்டு பார்வையாளரைச் சுற்றிக் காட்ட, அத்துறையின் உரிமம் வேண்டும் என்று 1959ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அதனால்தான் "டிரைவர்-கைடு' பலரும் வாசலோடு நின்றுவிடுகிறார்கள், அல்லது தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, காவலர் தென்படும்போது பேச்சை நிறுத்துகிறார்கள்.

சட்டம் இருக்கட்டும். சொல்லப்படும் கதைகள் எப்படி? கோபுர உச்சியில் பெரிய காந்தக் கல் இருந்தது, அது கப்பல்களை இழுத்தது, போர்ச்சுகீசியர்கள் அதைக் கழற்றிச் சென்றதால் கோயில் சரிந்தது என்பது கொனார்க்கில் ஓயாமல் சொல்லப்படும் கதை. அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. ஐரோப்பிய மாலுமிகள் கரை அடையாளமாக இதைக் "கறுப்புக் கோபுரம்' என்றும், புரி கோயிலை "வெள்ளைக் கோபுரம்' என்றும் அழைத்தது மட்டும் உண்மை. எஞ்சி நிற்கும் முகமண்டபம் இடிந்துவிடாதிருக்க 1903இல் ஆங்கிலேய அரசு அதன் உள்ளே மணலைக் கொட்டி நிரப்பி வாசல்களை அடைத்தது. அந்த மணலை அகற்றும் ஏற்பாடுகளைத் தொல்லியல் துறை 2022இல்தான் தொடங்கியது. காந்தக் கதையைவிடச் சுவையான செய்தி இது. முதல் நாள் இதை யாரும் சொல்லவில்லை. உரிமம் பெற்ற வழிகாட்டிதான் சொன்னார். பத்து ரூபாய்த் தாளை எடுத்து, அதிலுள்ள சக்கரத்தைக் கல் சக்கரத்தோடு ஒட்டிப் பிடித்துக் காட்டியதும் அவரே. அருகிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தமிழர்களுக்கு இங்கே கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. புரியில் இன்றுள்ள ஜகந்நாதர் கோயிலைத் தொடங்கிய அனந்தவர்மனுக்குச் சோடகங்கன் என்று பெயர் வந்தது ஏன்? அவன் தாய் சோழ இளவரசி. முதலாம் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பரணியாகப் பாடினாரே, அப்போரில் தோற்ற மன்னன் இந்த அனந்தவர்மனே. அவன் வழியில் வந்த முதலாம் நரசிம்மதேவன் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பியது கொனார்க். இதைக் கேட்டதும் வழிகாட்டி, "உங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கேட்பதில்லை. தோசை எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள்'' என்றார்.

கமிஷன் என்னும் மறைமுக வாடகை

குறைந்த வாடகைக்கு ஒப்புக்கொண்ட கார், விட்டதைக் கடைகளில் பிடிக்கிறது. பிப்பிலியின் துணி ஒட்டு வேலைப்பாட்டுக் கடைகள், பட்டச் சித்திரக் கடைகள், முந்திரிக் கடைகள் என எங்கே நின்றாலும் ஓட்டுநருக்கு ஒரு பங்கு உண்டு. ரகுராஜ்பூரில் ஓவியர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வரைகிறார்கள், விற்கிறார்கள். அங்கே நேராகப் போகச் சொன்னால் சில ஓட்டுநர்கள் "இன்று அடைப்பு' என்பார்கள். சிலிகாவில் இது வேறு வடிவம் எடுக்கிறது. படகு நிற்கும் மணல் திட்டில் ஒருவர் கண்ணெதிரே சிப்பியை உடைத்து "முத்து' எடுப்பார். முன்கூட்டியே உள்ளே வைத்த கண்ணாடி மணி அது. படகேறும் முன் "அங்கே எதுவும் வாங்காதீர்கள்'' என்று ஓர் ஓட்டுநர் எச்சரித்தால், அவரை விட்டுவிட வேண்டாம். டால்பினை விரட்டிச் செல்லும் படகுக்கு அதிகப் பணம் தர வேண்டாம் என்பவரையும். இந்தியாவின் முதல் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாக 1981இல் அறிவிக்கப்பட்ட சிலிகாவில் இராவதி டால்பின்களின் எண்ணிக்கை சில நூறைக்கூட எட்டாது. படகு விசிறியில் சிக்கிச் செத்தவையும் உண்டு.

நல்ல ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இப்படிச் சிறியவைதாம். ஜகந்நாதர் கோயிலருகே வண்டி போகாது, தொலைவில் நிறுத்தி நடக்க வேண்டும். செல்பேசியும் தோல் பொருளும் உள்ளே கூடாது. இந்து அல்லாதோருக்கு அனுமதி இல்லை. பார்சியை மணந்தவர் என்பதால் 1984இல் பிரதமர் இந்திரா காந்திக்கே அங்கு அனுமதி மறுக்கப்பட்டது. வேறு மதத்தைச் சேர்ந்த நண்பருடன் வருபவரிடம் வாசல் வரை போன பிறகு இதைச் சொல்வது அவமானப்படுத்துவது போன்றது. புரிக் கடலில் எந்த இடத்தில் இழுப்பு அதிகம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கூம்புத் தொப்பியுடன் நிற்கும் நோலியா மீனவர்கள் வேடிக்கைக்காக நிற்கவில்லை.

ஆனால், ஓட்டுநர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. வாடகையில் விடுதி மேசைக்கு ஒரு பங்கு, தரகருக்கு ஒரு பங்கு, வண்டி உரிமையாளருக்கும் டீசலுக்கும் போக, ஓட்டுநர் கையில் மிஞ்சுவது அன்றைய பேட்டா. 2023 மார்ச்சிலும் 2025 ஜூலையிலும் ஒடிசா ஓட்டுநர் மகாசங்கம் மாநிலம் தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது. "ஸ்டியரிங்கை விடு' என்பதே போராட்டத்தின் பெயர். சமூகப் பாதுகாப்பு, முதுமையில் ஓய்வூதியம், பணியில் இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு ஆகியவை அவர்களின் முக்கியக் கோரிக்கைகள். செயலி வழி ஓட்டுவோர் பற்றி 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பேசுகிறது. அது 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. செயலியில் இல்லாமல், மரத்தடி நிறுத்தத்தில் காத்திருந்து வண்டி ஓட்டுபவர் அமைப்புசாராத் தொழிலாளர் என்ற பெருங்கூட்டத்தில் ஒருவர். பதிவு அட்டை ஒன்று அவருக்குக் கிடைக்கலாம்.

பேரம் பேசும்போது வாடகையை மட்டும் கேட்காமல், எத்தனை கி.மீ., எத்தனை மணி நேரம், சுங்கம், நிறுத்தக் கட்டணம், பேட்டா எதில் அடங்கும் என்று கேட்டு, தாளில் எழுதி வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது. கடைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதனால் அவர் இழப்பதைப் பேட்டாவில் சேர்த்துக் கொடுப்பது இன்னும் நல்லது. நான் அப்படிச் செய்தேன். அவர் மறுக்கவில்லை; நன்றியும் கூறவில்லை. கூலியைக் கூலியாகவே எடுத்துக்கொண்டார்.

மாலையில் சந்திரபாகாக் கரையில் தேநீர் குடித்தோம். திரும்பும்போது இறக்கிவிடும் இடத்தைச் சொன்னேன். விடுதி வாசலுக்கு வர அவர் விரும்பவில்லை. வெளி வண்டியில் வந்து இறங்குவதை மேசைக்காரர் பார்த்தால், அடுத்த வாரம் தனக்கு அந்த விடுதியிலிருந்து ஒரு சவாரியும் வராது என்றார். இரண்டு தெரு தள்ளி, விளக்கில்லாத இடத்தில் இறங்கிக்கொண்டேன்.